இமை அறுவைக்குப் பின் ஒரு கண்ணில் மட்டும் வீக்கம் கூடுதலாக இருப்பது இயல்பா?

கேள்வி:
என் அம்மாவுக்கு மேல் இமைகளில் தொங்கிய தோலை அகற்றி 3 நாள்கள் ஆகின்றன. வலக் கண்ணில் வீக்கம் சற்றுக் கூடுதலாகத் தெரிவதால் கவலையாக இருக்கிறது. இது இயல்புதானா?

பதில் 1:
எனக்கும் அப்படித்தான் இருந்தது, சகோதரி. இரு கண்களும் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை. கன்றல் மறைய 2 வாரம்கூட ஆகலாம். தலையை உயர்த்திப் படுக்கச் சொல்லுங்கள். பனிக்கட்டியை நேரடியாக வைக்காமல், சுத்தமான துணியில் சுற்றி மென்மையாக ஒற்றுங்கள்.

பதில் 2:
ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: ஒரு பக்கம் திடீரென வீங்கிக் கடும் வலியோ பார்வை மங்கலோ ஏற்பட்டால், கண்ணுக்குப் பின்னால் கசிந்த இரத்தம் பார்வை நரம்பை அழுத்தக்கூடும் என்பதால், விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேட்டவர்:
வலி இல்லை, பார்வையும் தெளிவாகவே இருக்கிறது. ஆயினும் இன்றே மருத்துவரிடம் காட்டிவிடுகிறேன்.