மொரிஷியஸ் போகிறோம்: பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் பள்ளியா, பிரிட்டிஷ் பள்ளியா?

திருப்பூர் அம்மணி
வணக்கமுங்க. வீட்டுக்காரருக்கு மொரிஷியஸில் ஒரு கார்மெண்ட் கம்பெனியில் வேலை, மூன்று வருட ஒப்பந்தம். பெரியவளுக்கு 9 வயது, இங்கே சிபிஎஸ்இயில் நாலாவது. சின்னவனுக்கு மூன்றரை. ஃபீஸில் பாதியைக் கம்பெனி தரும், பள்ளியை நாங்கள்தான் பார்க்க வேண்டும். பிரெஞ்சுப் பள்ளியில் விட்டால் ஒரு மொழி சும்மா வந்துவிடும் என்கிறார் இவர். மாமியாரோ, திரும்பி வந்தால் புள்ள எந்த வகுப்பில் உட்காரும் என்று ஒரே கேள்விதான் கேட்கிறார். என்னிடம் பதில் இல்லைங்க.

பெருந்துறை அக்கா
மாமியார் கேட்டதுதான் கேள்வி. நாங்கள் ஆறு வருடம் பாரிஸ் பக்கம் இருந்தோம். மகனை 8 வயதில் சேர்த்தோம், கணக்கில் கெட்டிக்காரன், ஆனாலும் ஆறேழு மாதம் வகுப்பில் வாயே திறக்கவில்லை, கணக்கும் அங்கே வாக்கியமாகத்தானே வருகிறது. அப்புறம் 20க்கு 12 வாங்கி வந்தான், அது அங்கே ஓரளவு நல்ல மார்க் என்று தெரியாமல் திட்டித் தீர்த்துவிட்டேன். வகுப்பும் தலைகீழாக எண்ணுவார்கள், ஆறாவது முடித்தால் ஐந்தாவது, அப்புறம் நாலாவது. பேரன் ஃபெயிலாகிக்கொண்டே போகிறான் என்று ஊரில் பாட்டி அழுதுவிட்டார்!

ஆனால் ஒன்று, நாடு நாடாக மாறுகிறவர்களுக்குப் பிரெஞ்சுப் பள்ளி வசதி. பிரான்ஸ் கல்வி அமைச்சகம் அங்கீகரித்த லிசே (பிரெஞ்சுப் பள்ளியைத்தான் அப்படிச் சொல்வார்கள்) எந்த நாட்டில் இருந்தாலும் பாடத்திட்டம் ஒன்றுதான். நீங்களோ மூன்றே வருடத்தில் ஊர் திரும்புகிறவர்கள்.

கோவை டீச்சர்
நான் ஐஜிசிஎஸ்இ, அதாவது பிரிட்டிஷ் முறைப் பத்தாவது படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அந்தப் பாடத்திட்டம் கோவையிலேயே இருக்கிறது, அதனால் பெரியவள் திரும்பி வந்து சேர்வது சுலபம். மொரிஷியஸ் அரசுப் பள்ளிகளிலேயே மேல் வகுப்புக்குக் கேம்பிரிட்ஜ் பரீட்சைதான். பிரெஞ்சைப் பற்றி உங்கள் வீட்டுக்காரர் கவலைப்பட வேண்டாம், அந்த ஊர்க் கடைத்தெருவில் கிரியோலும் (பிரெஞ்சிலிருந்து வந்த உள்ளூர்ப் பேச்சுமொழி) பிரெஞ்சும்தான் காதில் விழும், பாடமாகவும் சொல்லித் தருகிறார்கள்.

ஒப்பந்தம் நீண்டுபோனால் ஒன்றைக் கவனியுங்கள். 2021இல் மாறிய பிரெஞ்சு பாக்கில் (நம்மூர் பிளஸ் டூ மாதிரிப் பள்ளி இறுதித் தேர்வு) கடைசி வருடம் இரண்டு சிறப்புப் பாடம்தான். கணக்கும் இயற்பியல்-வேதியியலும் எடுத்தால் உயிரியலுக்கு இடமில்லை, நம்மூர் பயோ-மேத்ஸ் நினைப்பு அங்கே செல்லாது. பிரிட்டிஷ் முறைப் பிளஸ் டூவான ஏ லெவலில் நாலு பாடம் எடுத்துச் சமாளிக்கலாம்.

திருப்பூர் அம்மணி
அப்போ சின்னவனை மட்டும் லிசேயில் விடலாமா?

பெருந்துறை அக்கா
மூன்று வயதில் மொழி ஒட்டிக்கொள்ளும்தான். ஆனால் ஆறு வயதில்தான் அங்கே எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பிப்பார்கள். பிரெஞ்சில் பாதி கற்றிருக்கும்போது நீங்கள் பெட்டி கட்டுவீர்கள், இங்கே வந்து தமிழ், இங்கிலீஷ் ரெண்டையும் முதலிலிருந்து பிடிக்க வேண்டும்.

திருப்பூர் அம்மணி
ரொம்ப நன்றிங்க. பெரியவளுக்கு இங்கிலீஷ் பள்ளி என்று முடிவாகிவிட்டது. சின்னவன் விஷயத்தில் இவர் இன்னும் பிரெஞ்சையே பிடித்துக்கொண்டு நிற்கிறார். காலையில் ரெண்டு பள்ளிக்கும் யார் வண்டி ஓட்டுவது என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.