மறுமொழி: ப்ரீ-சீசன் நாக் அவுட் கப்புக்குத் தமிழ்: ‘வெள்ளோட்டக் கிண்ணம்’?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியக் கால்பந்துச் சொற்பட்டியலில் மற்றதெல்லாம் ஓரளவு முடிந்துவிட்டது, ‘ப்ரீ-சீசன் நாக் அவுட் கப்’ (ஏ.எஃப்.எல். என்ற ஆஸ்திரேலியக் கால்பந்து லீக், சீசன் தொடங்குமுன் நடத்திய, தோற்றால் வெளியேறும் கோப்பைப் போட்டி) என்ற இந்த ஒரு பதிவு மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. இதுவரை வந்தவை மூன்று: ‘முன்பருவ வெளியேற்றுக் கோப்பை’, ‘பருவமுன் விலகல் சுற்றுப்போட்டி’, அப்புறம் ‘ப்ரீ-சீசன் கப் என்றே எழுதிவிட்டுப் போகலாமே, யார் கேட்கப்போகிறார்கள்’. மூன்றாவதைச் சொன்னவர் மேல் எனக்குக் கோபமில்லை. மெல்பர்னில் ஃபூட்டி (இந்த ஆட்டத்தின் செல்லப்பெயர்) பார்த்து வளரும் நம் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் சொற்பட்டியல் போட உட்கார்ந்துவிட்டு அதையே எழுதினால் பட்டியல் எதற்கு?

> முன்பருவம் என்றால் எல்லாருக்கும் புரியுமே

புரியும், வேறாகப் புரியும். தமிழ்நாட்டில் ‘முன்பருவக் கல்வி’ என்றால் அங்கன்வாடி. முன்பருவக் கோப்பை என்று எழுதினால் மூன்று வயதுக் குழந்தைகளுக்கு வைத்த ஓட்டப்பந்தயம் என்றுதான் கோயம்புத்தூரில் இருப்பவர் நினைப்பார். பருவம் என்ற சொல்லே ஏற்கெனவே மழை, கல்லூரித் தேர்வு, வயது என்று பல வேலை பார்க்கிறது. விளையாட்டுக்கு நாம் பேச்சில் சீசன் என்கிறோம், குற்றால சீசன் மாதிரி. அதை மாற்றுவது தனி வழக்கு, இங்கே வேண்டாம்.

‘விலகல்’ பற்றி யாழ்ப்பாணத்து நண்பர் எழுதியதை ஏற்கிறேன். இலங்கைப் பத்திரிகைகளில் ‘விலகல் முறையிலான உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி’ என்று காலகாலமாக எழுதுகிறார்கள், அங்கே அது நின்றுவிட்ட சொல். தோற்ற அணி தானாக விலகுவதில்லையே, விலக்கப்படுகிறதே என்று இலக்கணம் பேசியவருக்கு ஒன்று சொல்கிறேன்: வழக்கில் நின்ற சொல்லைத் தோண்டி எடுத்துச் சோதிக்க ஆரம்பித்தால் பாதி அகராதி காலி. ஆகவே நாக் அவுட் முறைக்கு ‘விலகல் முறை’ என்றே பட்டியலில் போடுவோம்.

என் சிக்கல் வேறு. இந்தப் போட்டியின் பெயரிலேயே நாக் அவுட் இருக்க வேண்டுமா என்பதுதான். வேண்டாம் என்கிறேன், ஏனென்றால் போட்டி கடைசிவரை அப்படி நடக்கவில்லை.

இது பருவத்துக்கு முந்தைய போட்டியாக நடக்கத் தொடங்கியது 1988-இல். லீகின் உண்மையான பருவம் மார்ச் வாக்கில் தொடங்கிச் செப்டம்பர் இறுதியாட்டத்தில் முடியும், அதற்கு முன்னால் பிப்ரவரி, மார்ச் வெயிலில் இது. 1995 முதல் 2010 வரை லீகில் 16 அணிகள், அதனால் (குழுக்களாக ஆடிய 2000 முதல் 2002 வரை தவிர) கணக்கு அழகாக விழும்: 16, 8, 4, 2, ஒன்று. நாலு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தால் கப் உங்களுடையது. 2011-இல் கோல்ட் கோஸ்ட் வந்து 17 ஆயிற்று, அடுத்த வருடம் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி வந்து 18. இரண்டால் வகுத்துக்கொண்டே போக முடியாது. அதனால் 2011-இலிருந்து (அந்த வருடமே கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னியையும் கப்பில் சேர்த்துக்கொண்டு) முதல் சுற்றில் மூன்று மூன்று அணிகளைச் சேர்த்து, ஒன்றோடொன்று குறுகிய ஆட்டங்கள் ஆடவிட்டார்கள். தோற்ற உடனே வெளியே என்பது அப்போதே போயிற்று. 2013-இல் பிரிஸ்பேன் லயன்ஸ் கார்ல்டனை வென்றதுதான் கடைசி இறுதியாட்டம். 2014 முதல் கப்பே கிடையாது, வெறும் ஆட்டங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: நாக் அவுட்டாக நடந்த வருடங்களிலும் தோற்ற அணி வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடவில்லை, சிற்றூர் மைதானங்களில் பயிற்சி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தது. ‘வெளியேற்று’ என்று பெயரிலேயே எழுதி வைத்தால் இதையெல்லாம் அடிக்குறிப்பில் விளக்க வேண்டிவரும்.

ஸ்பான்சர் பெயரில் எழுதலாம் என்றவருக்கு: எந்த ஸ்பான்சர்? ஃபாஸ்டர்ஸ் என்று பீர்க் கம்பெனி, பிறகு 1995 முதல் ஆன்செட் என்று விமானக் கம்பெனி, அந்த ஆன்செட் 2001 செப்டம்பரில் கவிழ்ந்து 2002-இல் விசார்ட் என்று வீட்டுக்கடன் கம்பெனி, 2006 முதல் நாப் (நேஷனல் ஆஸ்திரேலியா) வங்கி. பெயர் பலகையை மாட்டிய ஆணி மட்டும்தான் மாறவில்லை.

சரி, அப்படியானால் எதை வைத்துப் பெயரிடுவது? போட்டி எதற்காக நடந்ததோ அதை வைத்து. புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன் வெறுந்தேரை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள், சக்கரம் எங்கே இடிக்கிறது, முட்டுக்கட்டை பிடிக்கிறதா என்று. அதற்குப் பெயர் வெள்ளோட்டம். படகுக்கும் பாலத்துக்கும் ரயிலுக்கும்கூட இந்தச் சொல் வழக்கில் இருக்கிறது. ஆகவே என் முன்மொழிவு: வெள்ளோட்டக் கிண்ணம்.

ஒத்திகை என்று போடலாமே என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். ஒத்திகையில் யாரும் ஜெயிப்பதில்லை. இங்கே கப் உண்டு, இறுதியாட்டத்தின் சிறந்த வீரருக்கு 1992 முதல் மைக்கேல் டக் பதக்கம் உண்டு (ஹாதோர்ன் அணிக்கு 426 ஆட்டம் ஆடியவர் டக், சாதாரண ஆள் இல்லை). பயிற்சி ஆட்டம் என்பதும் சரிவராது, மேலே சொன்ன மாதிரி அது தோற்ற அணிகள் ஆடியதற்கு வேண்டிய சொல்.

வெள்ளோட்டம் அணிக்கு மட்டுமில்லை, விதிகளுக்கும். எனக்கு இந்தச் சொல் பிடித்ததற்கு முதல் காரணம் இதுதான். லீக் நிர்வாகம் எதையாவது மாற்ற நினைத்தால் முதலில் இங்கே விட்டுப் பார்க்கும். 2008 லீக் இறுதியாட்டத்தில் ஜீலாங்குக்கு எதிராக ஹாதோர்ன் தடுப்பாளர்கள் நெருக்கடி வரும்போதெல்லாம் பந்தைத் தங்கள் கோட்டுக்குப் பின்னால் தாங்களே தள்ளிவிட்டு ஒரு புள்ளியைத் தானமாகக் கொடுத்தார்கள். கோல் விழுந்தால் ஆறு புள்ளி, அந்த ஆறு போவதற்கு ஒன்று போகட்டும் என்ற கணக்கு, அந்த ஆட்டத்தில் 11 முறை இப்படிப் போனது. அதற்கு எதிராக, வேண்டுமென்றே தள்ளினால் எதிரணிக்கு ஃப்ரீ கிக் என்ற விதியை 2009 நாப் கப்பில் விட்டுப் பார்த்தார்கள், ஓடியது, அந்த வருடமே பருவத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். 2003-இல் விட்ட ஒன்பது புள்ளி கோல் அப்படி ஓடவில்லை. 50 மீட்டருக்கு வெளியே இருந்து உதைத்து நடுக்கம்பங்களுக்கு இடையே போனால் ஆறுக்குப் பதில் ஒன்பது. ஸ்கோரையே மூன்று பகுதியாக எழுத வேண்டியிருந்தது: 1.10.5 என்றால் ஒன்பது புள்ளி கோல் ஒன்று, சாதா கோல் பத்து, பிஹைண்ட் (ஓரத்தில் போய்க் கிடைக்கும் ஒற்றைப் புள்ளி) ஐந்து, மொத்தம் 74. பார்க்க ஜோராக இருந்தது, ஆனால் பருவத்துக்குள் அது நுழையவே இல்லை. ஒன்று ஓடிற்று, ஒன்று ஓடவில்லை. வெள்ளோட்டம் என்றால் இரண்டும்தானே?

முடிவுகளையும் பாருங்கள். ஹாதோர்ன் 1988-இல், எஸன்டன் 1993-லும் 2000-லும், ஜீலாங் 2009-இல் இந்தக் கப்பையும் வென்று செப்டம்பரிலும் வென்றன. ‘சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் கார்ல்டன் 2005-இல் இதை வென்றது, அதே வருடம் லீகில் கடைசி இடம். அங்கே கடைசி இடத்தை ‘மர அகப்பை’ என்றே கேலியாகச் சொல்வார்கள், ஆக அகப்பையில் வந்தது அகப்பைதான். 2007-இல் மறுபடி கார்ல்டன் வென்றது, லீகில் கடைசிக்கு முந்தைய இடம். கார்ல்டன் ரசிகர் யாராவது இந்தக் குழுவில் இருந்தால் மன்னிக்கவும், உதாரணத்துக்கு வேறு அணி கிடைக்கவில்லை.

> 1956-இலேயே இரவு ஆட்டமாக இது இருந்ததே, அதையும் இதில் சேர்க்கலாமா?

கூடாது. 1956 முதல் 1971 வரை சவுத் மெல்பர்னின் லேக் ஓவலில் விளக்கு வெளிச்சத்தில் நடந்தது வேறு கதை. 12 அணிகளில் நாலு அணி இறுதிக் கட்டத்துக்குப் போனதும் மிச்சமிருந்த எட்டும் ஆடியதாகத்தான் அது தொடங்கியது, முதல் வருடம் சவுத் மெல்பர்னே தன் மைதானத்தில் ஜெயித்தது. அது பருவத்தின் வாலில் நடந்த ஆறுதல் போட்டி. திருவிழா முடிந்தபிறகு வெள்ளோட்டம் யாராவது விடுவார்களா? அதற்கு ‘இரவுத் தொடர்’ போதும்.

கிண்ணமா கோப்பையா என்ற சண்டை இங்கேயும் வரும் என்று தெரியும். தமிழ்நாட்டில் உலகக் கோப்பை, இலங்கையில் உலகக் கிண்ணம். நான் மதுரைக்காரன், எனக்குக் கோப்பைதான் வாயில் வரும். ஆனாலும் கிண்ணம் என்று போட்டதற்குக் காரணம் இருக்கிறது: ஆஸ்திரேலியாவில் இந்த ஆட்டத்தைத் தமிழில் பேசுகிறவர்களில் ஈழத்தவர் நிறையப் பேர், பட்டியலைப் பயன்படுத்தப் போவதும் அவர்கள்தான். தமிழ்நாட்டுக்காரர் வெள்ளோட்டக் கோப்பை என்று எழுதினாலும் குடி முழுகிவிடாது, இரண்டையும் போட்டு விடலாம். 2014-க்குப் பிறகு கப் இல்லாத ஆட்டங்களுக்கு ‘வெள்ளோட்டத் தொடர்’ என்று அதே சொல்லிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். ‘முன்பருவ வெளியேற்றுக் கோப்பை’யிலிருந்து வெளியேற்றும் போய்க் கோப்பையும் போனால் மிஞ்சுவது அங்கன்வாடிதான்.

ஒன்பது புள்ளி கோலுக்கு ‘நெடுங்கோல்’ என்று நான் எழுதியதற்கு, கொடுங்கோல் மாதிரி ஒலிக்கிறது என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். ஒலிக்கட்டுமே, கடைசி நிமிடத்தில் 50 மீட்டருக்கு அப்பாலிருந்து ஒன்பது புள்ளி வாங்கிய அணிக்கு அது கொடுங்கோல்தான். தூரத்திலிருந்து அடித்தது என்பது சொல்லிலேயே தெரிகிறது, ஆங்கிலத்தில் அதற்குச் சொன்ன சூப்பர் கோல் என்பதில் அது இல்லை. இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் கொடுங்கள், விட்டுவிடுகிறேன்.

பிஹைண்டுக்குத்தான் இன்னும் கையில் ஒன்றும் இல்லை. நடுவில் உயரமான இரண்டு கம்பம், அவற்றுக்கு இரு பக்கமும் குட்டையாக ஒவ்வொன்று, அந்த ஓர இடைவெளியில் போனால் ஒரு புள்ளி. ‘பின்கோல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார், பந்து பின்னால் போவதில்லை, ஓரத்தில் போகிறது. ‘ஓரப்புள்ளி’ என்றால் என்ன சொல்கிறீர்கள்?