வெள்ளம் வடிந்த வீடு: பூசணம் பிடித்த சுவரை மிஷின் போட்டுத் தேய்க்கலாமா?

கேள்வி (லாபிஸ்):
வணக்கம். தோட்ட வேலையை விட்டு வந்தபோது அப்பா வாங்கிய பழைய வீடு. ஆறு கரையேறி முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. வடிந்து மூன்று வாரம் ஆகியும் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புப் பூசணம். பிளைவுட் தடுப்பும் உப்பிவிட்டது. பழுதுபார்க்கும் வேலையை எடுத்திருக்கும் குத்தகையாளர் திங்கட்கிழமை மிஷினில் தேய்த்து, மறுநாளே சாயம் அடிக்கலாம் என்கிறார். அம்மாவுக்கு மூச்சிழுப்பு (ஆஸ்துமா) உண்டு, அதுதான் பயம். பிளீச் ஊற்றினால் போதாதா?

பதில் (செகாமாட், கட்டட வேலை):
மிஷின் வேண்டாம் தம்பி. காய்ந்த பூசணத்தைத் தேய்த்தால் அதன் நுண்விதைகள் தூசியோடு வீடு முழுக்கப் பறக்கும். முதலில் அம்மாவைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புங்கள். அறை வாசலைத் தடித்த பிளாஸ்டிக்கால் மூடி, ஓரமெல்லாம் டேப் ஒட்டுங்கள். ஜன்னலில் ஒரு விசிறியைக் காற்று வெளியே போகிற மாதிரி வைத்தால் தூசி கூடத்துக்கு வராது. மேலே சுழலும் விசிறியைப் போடவே கூடாது. சோப்புத் தண்ணீர் தெளித்து, சுவர் ஈரமாக இருக்கும்போதே சுரண்டுங்கள். என்-95 முகக்கவசம், கண்ணாடி, கையுறை கட்டாயம். உப்பிய பிளைவுட்டைக் காப்பாற்ற முடியாது. அறைக்குள்ளேயே பையில் கட்டி வெளியேற்றுங்கள். பிளீச் மேலே இருக்கும் கறுப்பை வெளுக்க வைக்கும், மரத்துக்குள் இறங்கியது அப்படியே இருக்கும். வேறு சுத்தம் செய்யும் மருந்தோடு அதைக் கலந்தால் விஷவாயுகூட வரலாம்.

பதில் (மெந்தகாப்):
2021 வெள்ளத்துக்குப் பிறகு நாங்களும் அவசரப்பட்டுச் சாயம் அடித்தோம் தம்பி. இரண்டே மாதத்தில் கொப்புளம் கொப்புளமாக உரிந்தது, அடியில் அதே கறுப்பு. சுவர் காய்ந்ததா என்று பார்க்க, ஒரு முழச் சதுரத்துக்குப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் இறுக்கி ஒட்டி, காலையில் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் செங்கல் சுவர் காய வாரக்கணக்கில் ஆகும்.

கேட்டவர்:
நன்றி அண்ணே, அக்கா. இன்னொன்று. சமையலறைக் கூரை சாம்பல் நிற நெளித்தகடு, ஓரம் உடைந்திருக்கிறது. அதையும் சேர்த்துக் கழற்றச் சொல்லியிருக்கிறேன்.

பதில் (செகாமாட்):
உடனே நிறுத்துங்கள்! அந்தக் காலத்துத் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் இருக்கலாம், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அறுக்கவோ துளைபோடவோ உடைக்கவோ விடாதீர்கள். அதன் தூசி நுரையீரலில் தங்கினால் பல வருடம் கழித்துப் புற்றுநோய் வரும் ஆபத்து உண்டு. ஆய்வுக்கூடத்தில் சோதித்த பிறகு, அந்த வேலை தெரிந்தவர்கள்தான் கழற்ற வேண்டும்.

கேட்டவர்:
குத்தகையாளரிடம் பேசிவிட்டேன். கூரையைத் தொடமாட்டார், சாயம் சுவர் காய்ந்த பிறகுதான். அம்மா நாளைக் காலை குளுவாங்கில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போகிறார்.