ஜெர்மனி வேலை: முதலில் நான் மட்டும் போவதா, மூவரும் சேர்ந்தே போவதா?

கேள்வி: கோட்டையூரான்

வணக்கம். காரைக்குடி பக்கம் கோட்டையூர்க்காரன். வயது 34. அழகப்பா செட்டியார் பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு, கோயம்புத்தூரில் பம்பு வடிவமைப்பில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். இப்போது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது. மார்ச் முதல் வாரம் சேர வேண்டும். ப்ளூ கார்டு விசா (பட்டம் பெற்ற பணியாளர்களுக்கான அனுமதி) கைக்கு வந்துவிட்டது. நிறுவனம் முதல் ஒரு மாதத்துக்குத் தங்க இடம் தருகிறது. அதன் பிறகு வீடு என் பொறுப்பு.

மனைவிக்கும் மகளுக்கும் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. மகளுக்கு 4 வயது. நகரத்தார் முறைப்படி எங்கள் கல்யாணத்துக்குக் கோயில் மாலை வந்தது, இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதினோம், சொந்தபந்தம் எல்லாம் சாட்சியாக நின்றது. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் இதுவரை பதிவு செய்யவில்லை. அந்த வேலையே இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

அப்பச்சி (அப்பா) தெளிவாகச் சொல்கிறார்: "நீ போய்க் கால் ஊன்று. ஒரு வருடம் கழித்து அழைத்துக்கொள். உங்கள் ஐயா (தாத்தா) மலாயாவில் தைப்பிங்குக்குப் போனால் மூன்று வருடக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்புவார். ஒரு வருடம் என்ன பெரிது?" மனைவி இதற்கு மறுப்புச் சொல்லவில்லை. அவள் மறுக்காமல் இருப்பதுதான் எனக்குக் கலக்கமாக இருக்கிறது. மகள் நேற்று, "அங்கே ஊருணி இருக்குமா?" என்று கேட்டாள். இருக்காது என்று சொன்னேன். "அப்படியென்றால் நான் பிறகு வருகிறேன்" என்றாள்.

அங்கே இருப்பவர்கள், இருந்துவிட்டு வந்தவர்கள் சொல்லுங்கள். போனவுடன் எதை முதலில் செய்ய வேண்டும்? தனியாகப் போவது சரியா?

——

பதில்: கண்டனூர்க்காரன் (ஸ்டுட்கார்ட், 6 ஆண்டுகளாக)

தம்பி, வாழ்த்துகள். நான் தனியாக வந்தவன். வேலையை விட வீடு தேடுவதுதான் கடினம் என்பதால், நீங்களும் தனியாக முன்னே வருவதுதான் நல்லது என்பேன்.

போன உடனே செய்ய வேண்டியது முகவரிப் பதிவு. குடியேறிய 2 வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று தேவை. நான் வந்தபோது முதல் மாதம் தங்கிய இடத்தில் அந்தச் சான்றைத் தர மறுத்துவிட்டார்கள். பதிவு இல்லாததால் வரி எண் வரவில்லை, வரி எண் இல்லாததால் முதல் சம்பளத்தை ஆறாம் வரி வகுப்பில் பிடித்துக்கொண்டார்கள். அந்த வகுப்பில்தான் பிடித்தம் மிக அதிகம். பின்னால் திரும்பி வந்துவிட்டது. ஆனால் புது ஊரில் கையில் காசு இல்லாமல் நின்ற அந்த 5 வாரம் இன்னும் மறக்கவில்லை. ஆகவே உங்கள் நிறுவனத்திடம் இன்றே எழுதிக் கேளுங்கள்: "நீங்கள் தரும் இடத்தில் முகவரிப் பதிவு செய்ய முடியுமா?" முடியாது என்றால் வேறு இடம் கேளுங்கள்.

அடுத்தது பெயர். உங்கள் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் அப்பச்சி பெயர் இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான். இங்கே அலுவலகத்தில், வங்கியில், மருத்துவமனையில் எல்லோரும் என்னை என் அப்பச்சி பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். கடிதங்களும் அந்தப் பெயருக்குத்தான் வரும். வங்கி அட்டை, அதன் ரகசிய எண், வரி எண், காப்பீடு என எல்லாமே தபாலில் வரும் நாடு இது. அஞ்சல் பெட்டியில் அந்தப் பெயர் ஒட்டியிருக்காவிட்டால் தபால்காரர் திருப்பிக் கொண்டுபோய்விடுவார். நான் என் பெயரை ஒட்டி வைத்துக்கொண்டு வங்கி அட்டைக்காக மூன்று வாரம் காத்திருந்தேன். கீழ்வீட்டு அம்மையார்தான் பெட்டியைக் காட்டி விளக்கினார்.

வீட்டு வாடகையில் இரண்டு வகை சொல்வார்கள். குளிர் வாடகை என்பது வெறும் வீட்டுக்கு. சூடான வாடகையில் வெந்நீர், கணப்பு போன்ற செலவுகளும் சேரும். முன்பணம் குளிர் வாடகையில் 3 மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் 3 தவணையாகக் கட்டச் சட்டம் இடம் தருகிறது. பல வீடுகளில் சமையலறை என்று சுவரும் குழாயும்தான் இருக்கும். அடுப்பும் அலமாரியும் பாத்திரத் தொட்டியும் நாம்தான் வாங்கிப் பொருத்த வேண்டும், அல்லது காலி செய்பவரிடம் விலை பேசி வாங்கிக்கொள்ள வேண்டும். இதற்குப் பணம் ஒதுக்கி வையுங்கள்.

ஸ்டுட்கார்ட் பக்கத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வாரம் ஒரு வீட்டார் மாடிப்படியும் நடையும் பெருக்க வேண்டும். முறை வந்தால் கதவில் ஓர் அட்டை தொங்கும். கேர்வோஹெ என்பார்கள். பங்காளிகள் முறை வைத்துப் படைப்பு (முன்னோர் வழிபாடு) நடத்துவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. முறையைத் தவறவிடாதீர்கள். என்னோடு அந்தக் கட்டடத்தில் எல்லோரும் பேசத் தொடங்கியது நான் முதன்முறை படி பெருக்கிய வாரத்தில்தான்.

வேலையில் முதல் 6 மாதம் சோதனைக் காலம். இரு பக்கமும் 2 வார அறிவிப்பில் விலகலாம். இதை மனத்தில் வைத்துத்தான் பலர் குடும்பத்தை 6 மாதம் கழித்து அழைக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

——

பதில்: பள்ளத்தூர் மகள் (நூரன்பெர்க்)

கண்டனூர் அண்ணன் சொன்ன காகித வேலைகள் எல்லாம் சரி. ஆனால் தனியாக முன்னே வருவது பற்றி, பின்னே வந்தவள் என்ற முறையில் நானும் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் 8 மாதம் முன்னே வந்தார். தினமும் பேசினோம். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் அவர் சொல்வார். நானும் அதையே சொல்வேன். நான் வந்தது நவம்பரில். மாலை நாலரைக்கு இருட்டிவிடும் காலம். வீடு தயாராக இருந்தது. திரை போட்டிருந்தார், துவரம்பருப்பு எந்த டப்பா என்று எழுதி ஒட்டியிருந்தார். அவர் அவ்வளவு பாடுபட்டுச் செய்து வைத்திருந்த வீட்டில் எனக்கு ஒரு கரண்டியை எங்கே மாட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. பேருந்தில் டிக்கெட் எப்படி எடுப்பது என்று தெரியாமல் 11 நாள் வெளியே போகவில்லை. அவருக்கு அந்த ஊர் பழகிவிட்டது. அதனால் எனக்கு எது தெரியாது என்பதே அவருக்குத் தெரியவில்லை.

ஆகவே தம்பி, தனியாக முன்னே போனாலும் 2 அல்லது 3 மாதத்துக்கு மேல் வேண்டாம். வீட்டை முழுதாக முடித்து வைக்காதீர்கள். சமையலறை அலமாரியை உங்கள் மனைவி வந்து தேர்ந்தெடுக்கட்டும்.

விசா விஷயம்: ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் மனைவிக்கு ஜெர்மன் மொழிச் சான்று கேட்பதில்லை. வந்த பிறகு வேலை பார்க்கவும் தடையில்லை. ஆனால் கல்யாணப் பதிவுச் சான்று இல்லாமல் ஒன்றும் நகராது. எங்கள் விண்ணப்பத்துக்கு 5 மாதம் ஆனது. நீங்கள் போன பிறகு தொடங்கினால் அதற்கு மேல் 5 மாதம் என்று கணக்குப் பண்ணுங்கள். அதனால் பதிவை இந்த வாரமே முடியுங்கள். இன்னொன்றும் உண்டு: மனைவி ஊரில் இருக்கும்வரை உங்களை ஒன்றாம் வரி வகுப்பில்தான் வைப்பார்கள். அவர் வந்து முகவரி பதிந்த பிறகு, பிடித்தம் குறைவான மூன்றாம் வகுப்பு கேட்டு வாங்கலாம். மாதச் சம்பளத்தில் அது நன்றாகவே தெரியும்.

சான்று கேட்காவிட்டாலும் மொழியைக் காரைக்குடியிலேயே தொடங்கச் சொல்லுங்கள். ப்ளூ கார்டில் 27 மாதம் கழித்து நிரந்தர அனுமதி கேட்கலாம். உங்களுக்கு பி1 அளவு (இடைநிலை) ஜெர்மன் இருந்தால் 21 மாதத்திலேயே கேட்கலாம். ஆனால் உங்கள் மனைவிக்கு மொழி தேவைப்படுவது அதற்காக அல்ல. குழந்தையை மழலையர் பள்ளி வாசலில் விடும்போது அந்த ஆசிரியையிடம் இரண்டு வார்த்தை கேட்பதற்காக. பள்ளியில் இடம் பெறச் சட்டப்படி குழந்தைக்கு உரிமை உண்டு. இருந்தாலும் இடம் கிடைப்பது மெதுவாகத்தான், முகவரி கிடைத்த அன்றே பெயர் கொடுங்கள்.

பெட்டியில் நெய் வைக்காதீர்கள். பாலில் செய்த எதையும் இறைச்சியையும் கொண்டுவரக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. ஆத்தா அரைத்துக் கொடுக்கும் பொடிகள், வற்றல், கவுனி அரிசி வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மிக்சி இங்கே அப்படியே ஓடும். மின்சாரம் ஒன்றுதான், செருகியை மட்டும் மாற்ற வேண்டும்.

ஒரு நாளை மட்டும் சொல்லிவிடுகிறேன். வந்த முதல் வருடம் பிள்ளையார் நோன்பு, மாவில் வைத்த நூல் திரியை ஏற்றிச் சுடரோடு வாயில் வாங்கும் நம் நோன்பு. 140 கிலோமீட்டரில் இருக்கும் நம்மவர் ஒரு குடும்பமும் வந்திருந்தது. ஆயா காயவைத்துக் கொடுத்திருந்த ஆவாரம்பூ என்னிடம் இருந்தது. மாவு பிசைந்து, 21 இழையைத் திரித்து வைத்துவிட்டேன். இழையைக் கொளுத்தினால் கூரையில் இருக்கும் புகைக் கருவி அலறிவிடும் என்று அப்போதுதான் நினைவு வந்தது. எல்லா வீட்டிலும் அது கட்டாயம். சமையலறை சன்னல் இரண்டையும் திறந்தோம். வெளியே 2 டிகிரி. குழந்தைகள் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வந்த அண்ணன்தான் மூத்தவர். சுடரோடு ஒவ்வொருவருக்கும் இழை எடுத்துக் கொடுத்தார். காற்றில் சுடர் அணையாமல் இருக்க என் வீட்டுக்காரர் இரு கையாலும் மறைத்துப் பிடித்திருந்தார். என் மகன் வாயில் வாங்கி விழுங்கிவிட்டு, "இன்னொன்று" என்று கேட்டான். எனக்கு இந்த ஊர் அன்று தொடங்கியது.

——

பதில்: ஆத்தங்குடி தம்பி (சிங்கப்பூர்)

அண்ணன், நான் இங்கே கட்டுமானத் தளத்தில் வேலை. அப்பா ஊரில் பூக்கல் (பூ வேலைத் தரை ஓடு) போடுகிறவர். என்னுடையது ஒர்க் பர்மிட். இந்த அனுமதியில் மனைவி, பிள்ளையை அழைத்து வந்து வைத்துக்கொள்ள முடியாது. எவ்வளவு சம்பாதித்தாலும், எத்தனை வருடம் இருந்தாலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குப் போவேன். உங்கள் செட்டியார்கள் 1859-இல் கட்டிய கோயில். அங்கே குடும்பத்தோடு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.

உங்களுக்கு அழைத்துப் போக அனுமதி இருக்கிறது. அதை ஒரு வருடம் சும்மா வைக்காதீர்கள்.

——

பதில்: தேவகோட்டை, ஓய்வு பெற்ற ஆசிரியர்

தம்பி, எனக்கு 78 வயது. உங்கள் அப்பச்சி சொன்ன மூன்று வருடக் கணக்கு உண்மை. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போகிறவர்கள் அந்தத் தவணைக்குத்தான் போனார்கள். கிட்டங்கியில் (அவர்கள் சேர்ந்து தங்கித் தொழில் பார்த்த கூடத்தில்) ஒருவருக்கு ஒரு பெட்டகம், ஒரு பாய். அங்கே குடும்பம் வைக்க இடமும் இல்லை, வழக்கமும் இல்லை. என் அப்பச்சி ஈப்போவில் இருந்தார். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினால் பினாங்கில் இறங்குவார்.

1956-இல் எனக்கு 9 வயது. ஆத்தாவுக்கு எழுதத் தெரியாது. மாதம் ஒரு கடிதம் அவர் சொல்ல நான் எழுத வேண்டும். வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) உட்கார்ந்து எழுதுவோம். பக்கத்துப் பட்டாலைத் திண்ணையில் அப்பத்தா இருப்பார், இரண்டாம்கட்டில் பங்காளி வீட்டார் இருப்பார்கள். அப்படி எல்லோர் காதிலும் விழுகிற இடத்தில் ஆத்தா என்ன சொல்ல முடியும்? ஓடு மாற்றிய செலவு, வட்டி வந்தது, மிளகாய் விலை. எல்லாக் கடிதமும் ஒன்று போலவே இருக்கும்.

ஒரு முறை மட்டும், ஐப்பசி மழையில், "இராத்திரி இருமல் அதிகமாக இருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொன்னார். நான் எழுதினேன். எழுதி முடித்ததும் தாளைப் பார்த்தார். வாசிக்கத் தெரியாதவர், அந்த வரி எது என்று கேட்டு, "அதை அடித்துவிடு" என்றார். கோடு போட்டேன். "தெரிகிறது, இன்னும் அடி" என்றார். மை ஊறிப் பின்பக்கம் தெரியும்வரை அடித்தேன். அடுத்த வரியாக மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கியதை எழுதச் சொன்னார்.

அப்பச்சி திரும்பி வந்தது அதற்கு 14 மாதம் கழித்து. அந்தக் கறுப்பு வரியில் என்ன இருந்தது என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இன்றைக்கு எழுத்தில் சொல்கிறேன்.

உங்கள் மனைவி மறுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் எல்லோர் நடுவிலும் இருக்கும்போது கேட்டீர்களா, தனியாகக் கேட்டீர்களா? அப்பச்சியிடமும் ஒன்று கேளுங்கள். ஐயா தைப்பிங்கில் இருந்த வருடங்களில் உங்கள் அப்பத்தா எப்படி இருந்தார் என்று கேளுங்கள். அவர் பார்த்திருப்பார்.

——

கேள்வி கேட்டவர்: கோட்டையூரான் (ஒரு வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. தேவகோட்டை ஐயா எழுதியதை அப்பச்சிக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு முகப்புக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். இரவு சாப்பிடும்போது ஆத்தாவிடம், "ஜூனுக்குள் இவர்களும் போய்விட வேண்டும்" என்றார். என்னிடம் சொல்லவில்லை.

மனைவியிடம் தனியாகக் கேட்டேன். அவள் சொன்னதை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். கல்யாணப் பதிவு முடிந்தது. விசா விண்ணப்பத்துக்கு நாள் வாங்கிவிட்டோம். செவ்வாய்க்கிழமை முதல் இருவரும் ஜெர்மன் படிக்கிறோம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து எண்களை எங்களுக்கு முன்னால் சொல்லிவிடுகிறாள். நிறுவனம் தங்கும் இடத்தை 2 மாதமாக நீட்டித் தந்திருக்கிறது, முகவரிப் பதிவும் செய்யலாமாம்.

பள்ளத்தூர் ஆச்சி, அலமாரி வாங்க மாட்டேன். ஓர் அடுப்பும் ஒரு சட்டியும் போதும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

கண்டனூர் அண்ணன், ஒரு சந்தேகம். எனக்கு அப்பச்சி பெயர், மனைவிக்கும் மகளுக்கும் என் பெயர்தான் குடும்பப் பெயராக இருக்கிறது. வீடு கிடைத்ததும் அஞ்சல் பெட்டியில் இரண்டு பெயரையும் ஒட்டலாமா, அவர்கள் வருவதற்கு முன்பே?

——

பதில்: கண்டனூர்க்காரன்

ஒட்டலாம் தம்பி. சீட்டு ஒரு விரல் நீளம்தான் இருக்கும். நம் பெயர்கள் நீளமானவை, சிறிய எழுத்தில் எழுதி எடுத்து வாருங்கள்.