17 வருடம் டிவி புரொடக்‌ஷன். வேறு வேலைக்கு சீவியில் என்ன எழுதுவது?

கொட்டாஞ்சேனைக்காரி:

வயது 42. கொழும்பில் ஒரு தமிழ் சேனலில் காலை நேரலை நிகழ்ச்சியின் தயாரிப்பாளர். பதினேழு வருடமாக விடிய 3.15க்கு எழும்பி நாலு மணி வேனைப் பிடிக்கிறேன். ஒன்பது பேர் செய்த வேலையை இப்போது நாலு பேர் செய்கிறோம். 2022க்குப் பிறகு போனவர்களின் இடத்துக்கு ஆள் எடுக்கவே இல்லை. மகள் அடுத்த வருடம் ஐந்தாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் பரீட்சை எழுதுகிறாள். அவள் படிக்க உட்காரும் நேரம் நான் தூங்கி விழுகிறேன். விடுவது என்று முடிவாகிவிட்டது. விட்ட பிறகு என்னை என்னவென்று சொல்லிக்கொள்வது, அதுதான் தெரியவில்லை.

போன மாதம் யூனியன் பிளேஸில் ஒரு சரக்குக் கம்பனியில் இன்டர்வியூ. ஒருங்கிணைப்பாளர் வேலை. கேட்டவர் நல்ல மனிதர். முதல் கேள்வி, "மிஸ், நீங்க டிவியில வந்திருக்கீங்களா?" இல்லை என்றேன். முகம் வாடிவிட்டது. அடுத்தது, "எக்செல் தெரியுமா?" தெரியும் என்றேன். அதற்கு மேல் வாயில் ஒன்றும் வரவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் பதில் வந்தது.

எங்கள் ரண்டவுனே, அதாவது எந்த நேரத்தில் என்ன போகும் என்ற பட்டியலே, ஒரு எக்செல் தாள்தான். ஆனால் அதைக் கடைசியிலிருந்து முன்னுக்கு எழுதுவோம். செய்திக்கு 8.58.20க்கு இடம் விட்டாக வேண்டும். கடைசி விளம்பரம் மூன்று நிமிடம், அப்போ 8.55.20. விடைபெற நாற்பது செக்கன், 8.54.40. பாட்டு நாலு நிமிடம் பத்து செக்கன், 8.50.30. வந்திருப்பவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் 8.50.30க்குப் பேச்சு முடிய வேண்டும், நாங்கள்தான் முடித்துவைத்தோம் என்று அவருக்கு விளங்கவும் கூடாது. பெட்ரோல் வரிசை நாட்களில் ஏழரைக்குப் போன் வரும்: "தங்கச்சி, எனக்கு முன்னால இன்னும் அறுபது வாகனம் நிக்குது." பன்னிரண்டு நிமிட ஓட்டை. அறிவிப்பாளரின் காதில் "நேயர் கடிதம் இருக்கு, மெதுவா வாசி" என்று சொல்லிக்கொண்டே கீழே உள்ளதை எல்லாம் மாற்றி அடுக்குவேன்.

இதை ஒரு சரக்குக் கம்பனிக்கு எப்படிச் சொல்வது?

அம்மாவுக்கு மட்டும் நான் டிவியில் வருகிறவள். முடிவில் பெயர் ஓடும்போது பக்கத்து வீட்டு அன்ரியைக் கூப்பிட்டுக் காட்டுவார். விளம்பரத்துக்கு நேரம் போதவில்லை என்று இப்போது அதையும் எடுத்துவிட்டார்கள்.

அப்புறம், முதல் ஐந்து வருடம் "கொன்ட்ராக்ட்" என்று சொல்லி வவுச்சரில்தான் காசு தந்தார்கள். ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கிடையாது. இனி அதற்கு ஏதாவது வழி உண்டா?

தெஹிவளை கமரா:

அக்கா, "சொந்தமா வெடிங் வீடியோ தொடங்குங்க" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். நான் செய்து பார்த்தவன். 2021 கடைசியில் சேனலை விட்டு, லீசிங்கில் கமராவும் இரண்டு லென்ஸும் எடுத்தேன். ஆறு மாதம் போகவில்லை, 200 ரூபாயில் நின்ற டொலர் 360க்குப் போனது. விழுந்து உடைந்த லென்ஸுக்கு இன்னொன்று வாங்க முடியவில்லை. ஆடியிலும் மார்கழியிலும் எங்கள் ஆட்களிடம் கல்யாணம் இல்லை. லீசிங்காரனுக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது. இப்போது ஓடுகிறது, பொய் சொல்ல மாட்டேன். முஸ்லிம் கல்யாணங்களும், வெளிநாட்டிலிருந்து வந்து வெள்ளவத்தையில் செய்பவர்களும்தான் கைகொடுக்கிறார்கள். ஆனால் நீங்கள் தூக்கத்துக்காக விடுகிறீர்கள். முகூர்த்தம் ஆறு மணிக்கென்றால் பொம்பிளை வீட்டில் நாலு மணிக்கு நிற்க வேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய புரொடியூசர்:

தங்கச்சி, நான் விட்டு ஏழு வருடம். இப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்ட இணைப்பாளர். "நிகழ்ச்சித் தயாரிப்பாளர்" என்று வாசித்ததும் அவர்கள் மனதில் வருவது மேக்கப்பும் லைட்டும்தான். அந்தப் பதவியை ஒரு வரியோடு விட்டுவிட்டுக் கணக்கை எழுதுங்கள். வாரத்தில் எத்தனை மணித்தியாலம் நேரலை, கீழே எத்தனை பேர், எவ்வளவு செலவுக்குக் கையெழுத்துப் போட்டீர்கள் என்று. என் சீவியை வங்கியில் வேலை செய்யும் மச்சாளிடம் கொடுத்து, விளங்காத சொல்லை எல்லாம் வெட்டச் சொன்னேன். பிசிஆர், ஓபி, விடி எல்லாம் போய் அரைப் பக்கம்தான் மிஞ்சியது. அந்த அரைப் பக்கத்துக்குத்தான் வேலை கிடைத்தது.

திட்ட முகாமைக்கான பிஎம்பி சான்றிதழ்ப் பரீட்சையையும் யோசியுங்கள். டிகிரி இருந்தால் 36 மாதம், இல்லாவிட்டால் 60 மாதம் திட்டங்களை நடத்திய அனுபவம் காட்ட வேண்டும், அதோடு 35 மணித்தியால வகுப்பு. இதில் ஒரு பொறி இருக்கிறது. தினசரி நிகழ்ச்சியைத் திட்டமென்று எழுத முடியாது. அது முடிவில்லாமல் ஓடுவது, அன்றாட வேலை என்பார்கள். தைப்பொங்கல் சிறப்பு நிகழ்ச்சி, தேர்தல் இரவு ஒளிபரப்பு, புது செற் போட்டது, இவற்றுக்கெல்லாம் தொடக்கமும் முடிவும் உண்டு. அவற்றைத் தனித்தனியாக எடுத்து மாதக் கணக்குப் போடுங்கள்.

ஒன்றுக்கு மட்டும் மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். பத்து மணிக் கூட்டம் பத்தேகாலுக்குத் தொடங்கும். யாரும் யாரையும் நிறுத்த மாட்டார்கள். முதல் ஆறு மாதம் நான் மேசைக்குக் கீழே விரலைச் சுழற்றி "முடி, முடி" என்று காட்டிக்கொண்டிருந்தேன்.

பொரளை எச்ஆர்:

சகோதரி, காசு விசயம் மட்டும் சொல்கிறேன். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், ஐந்து வருடம் முடித்தவருக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை உண்டு. நீங்களாக விலகினாலும் உண்டு. வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில். நிரந்தரமான 12 வருடத்துக்கு ஆறு மாதச் சம்பளம் வரும். 30 நாளுக்குள் தர வேண்டும். ஈடிஎஃப்பை (ஊழியர் நம்பிக்கை நிதி) வேலை விட்டதும் எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான். ஈபிஎஃப் பெண்களுக்கு 50 வயதில், அதை இப்போதைய கணக்கில் சேர்க்காதீர்கள்.

வவுச்சர் வருடங்கள்: கடதாசியில் "கொன்ட்ராக்ட்" என்று இருந்தாலும், அவர்கள் சொன்ன நேரத்துக்குப் போய், அவர்கள் சாமானில், அவர்கள் சொன்னபடி வேலை செய்திருந்தால் நீங்கள் ஊழியர்தான் என்று வாதாடலாம். அப்படியானால் அவர்கள் பங்கு 12 வீதமும் உங்கள் 8 வீதமும் கட்டப்பட்டிருக்க வேண்டும். நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுங்கள். ராஜினாமாக் கடிதம் கொடுக்க முதல் கடதாசிகளைச் சேர்த்து வையுங்கள். வெளியே வந்த பிறகு அந்த அலுமாரி உங்களுக்குத் திறக்காது.

கொட்டாஞ்சேனைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, சீவியைத் தம்பியின் மனைவியிடம் கொடுத்தேன். மருந்துக் கடையில் கணக்கு எழுதுபவள். "ரண்டவுன்" என்றால் களைச்சுப் போறதா என்று கேட்டாள். வெட்டிவிட்டேன்.

வவுச்சர்கள் அம்மாவின் பால்மா டின்னில் இருந்தன. அறுபது இருக்க வேண்டும், 41தான் கிடைத்தது. மிச்சத்துக்கு வங்கிப் புத்தகத்தில் மாதாமாதம் விழுந்த காசு இருக்கிறது. அது போதுமா?

பொரளை எச்ஆர்:

கொண்டு போங்கள். எல்லாவற்றுக்கும் போட்டோ கொப்பி இரண்டு எடுங்கள், அசலை யாருக்கும் கொடுக்க வேண்டாம். உங்களோடு அந்த வவுச்சரில் வேலை செய்த இன்னொருவர் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

தெஹிவளை கமரா:

எந்தச் சேனல் என்று கேட்கவில்லை அக்கா. ஆனால் அந்த நீல வவுச்சர் என்றால் என்னிடமும் கொஞ்சம் கிடக்கிறது. செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை இல்லை.