பஸ் ஸ்டாப் முக்கு: எங்கள் தெருக் குழுவில் பேசியது

ஞாயிறு

டீச்சரம்மா, காலை 6:12
நேற்று சாயங்காலம் முக்கில் பூக்கார அக்காவின் மாமியாரை பைக் இடித்துவிட்டது. மணிக்கட்டில் எலும்பு விரிசல். மாவுக்கட்டு போட்டு இரவே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். பார்க்கப் போகிறவர்கள் பத்து மணிக்கு மேல் போங்கள். இப்போதுதான் கண் அயர்ந்திருக்கிறார்.

ஆட்டோ மாமா, 6:20
நான் ஸ்டாண்டில் இருந்தேன். ஸ்டாப்பில் டவுன் பஸ் நின்றுகொண்டிருந்தது. அதன் மூக்கை ஒட்டி அத்தை ரோட்டில் இறங்கினார். பஸ்ஸை வலப்பக்கமாகத் தாண்டி வந்த பையனுக்கு அத்தை தெரியவில்லை, அத்தைக்கும் பைக் தெரியவில்லை. கூடை கவிழ்ந்து, கட்டி வைத்திருந்த மல்லிகைப் பந்து உருண்டு பஸ்ஸின் முன்சக்கரத்தடியில் போய் நின்றது. அத்தை அடிபட்ட கையோடு அதை எடுக்கக் குனிந்தார். பஸ் மட்டும் நகர்ந்திருந்தால்... நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

பூக்கார அக்கா மகன், 6:41
பைக்கில் வந்த அந்த அண்ணன்தான் பாட்டியைத் தூக்கி உட்காரவைத்து, ஆஸ்பத்திரிக்கும் கூடவே வந்தார். அவரை யாரும் திட்ட வேண்டாம் என்று பாட்டி சொல்கிறார்.

கல்லூரித் தம்பி, 7:05
எத்தனை நாளைக்குத்தான் இப்படி? நம் மதுரைக் காளவாசலில் கட்டினார்களே, அதுபோல இங்கேயும் ஒரு மேம்பாலம் கேட்டு மனுக் கொடுப்போம். நான் எழுதித் தருகிறேன்.

தபால்காரப் பெரியப்பா, 7:18
மருமகளே, ரோடு, சிக்னல் எல்லாம் உன் வேலைதானே. நீ சொல்லம்மா.

மாடிவீட்டு மருமகள், 7:50
சொல்கிறேன் பெரியப்பா. பாட்டியைப் பார்த்துவிட்டு வந்துதான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

தம்பி, மேம்பாலம் நேராகப் போகிற வண்டிகளுக்கானது. 2020-ல் திறந்த காளவாசல் பாலம் பைபாஸ் ரோட்டில் நேரே போகிறவர்களை மேலே ஏற்றி அனுப்புகிறது. 2023-ல் திறந்த நத்தம் ரோட்டுப் பாலம் 7.3 கிலோமீட்டர் நீளம். அதுவும் ஊரைத் தாண்டிப் போகிறவர்களுக்கே பெரிய உதவி. நம் முக்குக்கு வருகிறவர்கள் யார்? பஸ் ஏற வருகிறவர்கள், பள்ளிக்கூடத்துக்குத் திரும்புகிறவர்கள், கண்மாய் ரோட்டிலிருந்து வெளியே வருகிறவர்கள், அண்ணாச்சி கடையில் நிற்கிறவர்கள். பாலம் கட்டினால் இவர்கள் எல்லாரும் கீழேதான் இருப்பார்கள், தூண்கள் வேறு இடத்தை அடைத்துக்கொள்ளும். பாட்டிக்கு அந்தப் பாலத்தால் ஒரு பயனும் இல்லை.

மளிகை அண்ணாச்சி, 8:02
பாலம் வேண்டாம் என்றால் ரோட்டையாவது அகலப்படுத்தச் சொல்லுங்கள். இடம் பற்றாததால்தான் இவ்வளவு நெரிசல்.

மாடிவீட்டு மருமகள், 8:15
அண்ணாச்சி, கோபப்படாமல் கேளுங்கள். நம் முக்கில் அகலம் கூடிப்போனதுதான் சிக்கல்.

தபால்காரப் பெரியப்பா, 8:31
இதை நான் ஒப்புக்கொள்கிறேன். பழைய புளியமரம் இருந்தவரைக்கும் அந்த மூலையில் யாரும் வேகமாகத் திரும்ப முடியாது. நான் சைக்கிளில் தபால் கொண்டுபோன காலத்தில் அந்த மரத்தை எத்தனையோ முறை சபித்திருக்கிறேன். எதிரே வருகிறவன் தெரியாது, மணி அடித்துக்கொண்டே திரும்ப வேண்டும். பிறகு மரத்தை வெட்டி மூலையை வளைத்து விரித்தார்கள். இப்போது இடது பக்கம் திரும்புகிறவன் பிரேக்கைத் தொடுவதே இல்லை.

சித்திரைத் திருவிழாவில் மாசி வீதி முக்குகளில் தேர் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்கிறவர் ஆயிரம் பேர் இருந்தாலும், முக்கில் எல்லார் கண்ணும் முட்டுக்கட்டை போடுகிற ஆளின் கையில்தான் இருக்கும். நம் முக்கில் கட்டை போடுகிற ஆளே இல்லை.

மாடிவீட்டு மருமகள், 8:44
பெரியப்பா, நான் பத்து வரியில் சொல்ல இருந்ததை நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள்.

மூலையின் வளைவைச் சிறிதாக்கினால் அதுவே முட்டுக்கட்டை. வளைவு பெரிதாக இருந்தால் பைக்காரர் 40 கி.மீ. வேகத்திலேயே திரும்பிவிடுவார். சிறிதாக இருந்தால் 15, 20-க்கு இறங்கித்தான் ஆக வேண்டும். போலீஸ்காரர் நிற்க வேண்டாம், போர்டு வேண்டாம். 30 கி.மீ. வேகத்தில் அடிபட்டவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார். 50-ஐத் தாண்டினால் அந்த நம்பிக்கை விரைவாகக் குறைந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. மூலை விரிந்ததால் கடக்க வேண்டிய தூரமும் கூடிவிட்டது. இன்று காலை பாட்டி வீட்டிலிருந்து திரும்பும்போது அடியெண்ணிப் பார்த்தேன். ஏறக்குறைய 18 மீட்டர் வருகிறது. டேப் வைத்து அளந்து உறுதி செய்கிறேன்.

கல்லூரித் தம்பி, 9:10
மதினி, அப்படியானால் ரவுண்டானா போடலாமே? சிக்னலே வேண்டாம் அல்லவா?

மாடிவீட்டு மருமகள், 9:32
நல்ல கேள்வி. நான்கு ரோடு சேருகிற சாதாரணச் சந்திப்பில் ஒரு வண்டியின் பாதையும் இன்னொன்றின் பாதையும் முட்டுகிற, சேருகிற, பிரிகிற புள்ளிகள் 32. ஒற்றை வரிசை ரவுண்டானாவில் அது 8. அதனால்தான் இடம் இருக்கிற ஊர்களில் அதை விரும்பிப் போடுகிறார்கள்.

ஆனால் அதற்கு ஒரு விதி உயிர்நாடி: உள்ளே சுற்றுகிறவருக்கு, நுழைகிறவர் வழிவிட வேண்டும். பிரிட்டனில் 1966-ல் இதைக் கட்டாயமாக்கினார்கள். அதற்கு முன்னால் அங்கேயும் நெரிசல் நேரத்தில் வண்டிகள் வட்டத்துக்குள் ஒன்றையொன்று மறித்து நின்றன. நம் நாட்டு 2017 ஓட்டுநர் விதிகளும் உள்ளே இருப்பவருக்கே முதல் உரிமை தருகின்றன. நடைமுறை என்ன என்பது நமக்குத் தெரியும். நம் முக்கின் இடமும் பற்றாது, டவுன் பஸ் வட்டத்தைச் சுற்றித் திரும்ப முடியாது. ஆகவே சிக்னலை வைத்துக்கொண்டே முக்கைச் சரிசெய்வோம் என்பது என் எண்ணம்.

ஆட்டோ மாமா, 9:40
சிக்னலில் பச்சை பற்றவில்லை மருமகளே. நேரத்தைக் கூட்டச் சொல். ஒரு தடவைக்கு மூன்று நிமிடம் வைத்தால் எல்லாம் காலியாகிவிடும்.

மாடிவீட்டு மருமகள், 9:58
பச்சையைக் கூட்டினால் மற்ற மூன்று பக்கமும் சிவப்பும் கூடும் மாமா. நீண்ட சிவப்பில் யாரும் கோட்டுக்குப் பின்னால் பொறுமையாக நிற்பதில்லை. பைக்குகள் ஒவ்வொரு அடியாக ஊர்ந்து வந்து நடக்கிறவர் கடக்கும் கோட்டின் மேல் நிற்கும். நீங்கள் தினமும் பார்ப்பதுதானே. பக்கம் மாறும் ஒவ்வொரு தடவையும் சில விநாடி யாருக்கும் பயன்படாமல் போகிறது. பச்சை விழுந்து முதல் வண்டி நகரவும், கடைசி வண்டி முக்கைத் தாண்டவும் நேரம் வேண்டும். நான்கு பக்கத்துக்கும் தனித்தனி முறை வைத்தால் இந்த வீண் நேரம் நான்கு மடங்கு. பள்ளிக்கூட ரோடும் கண்மாய் ரோடும் எதிரெதிரே இருக்கின்றன. அவை இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பச்சை கொடுக்கலாமா என்று பார்க்க வேண்டும். எத்தனை பேர் வலப்பக்கம் திரும்புகிறார்கள் என்று எண்ணாமல் அதைச் சொல்ல முடியாது.

டீச்சரம்மா, 10:20
எண்ணுவோம். எத்தனை பேர் வேண்டும்?

மாடிவீட்டு மருமகள், 10:24
நான்கு மூலைக்கு நான்கு பேர். நாளை காலை 8 முதல் 9 வரை. இடம், நேர், வலம் என்று மூன்று கட்டம் போட்டு, வண்டி வகை வாரியாக ஐந்து ஐந்தாகக் கோடு இழுங்கள். ரோட்டில் அடைக்கிற இடத்துக்கு ஏற்ப பைக் அரை, கார் ஒன்று, பஸ் மூன்று என்று நான் பிறகு கணக்கில் மாற்றிக்கொள்கிறேன். நடக்கிறவர்களைத் தனியாக எண்ணுங்கள். அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

திங்கள்

டீச்சரம்மா, காலை 9:15
நான்கு தாளும் என்னிடம் வந்துவிட்டன. முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்துக்கு இந்த முக்கைத் தாண்டித்தான் போனேன். இன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். யூனிபார்ம் போட்ட ஒரு சிறுமி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றாள். மூன்று முறை இறங்கினாள், மூன்று முறையும் பின்னால் ஏறினாள். நான் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். தாளில் அந்த இரண்டு கோட்டைப் போடும்போது கை நடுங்கியது.

மாடிவீட்டு மருமகள், இரவு 9:30
தாளெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டேன். இரண்டு விஷயம்.

கண்மாய் ரோட்டிலிருந்து வலப்பக்கம் திரும்புகிறவர்கள் மிகக் குறைவு. அவர்களை இடப்பக்கம் திருப்பி, அடுத்த இடைவெளியில் வளைத்து வரச் செய்தால், எதிரெதிர் ரோடு இரண்டுக்கும் ஒரே பச்சை கொடுத்து சிக்னலில் ஒரு முறையைக் குறைத்துவிடலாம்.

அடுத்தது நடக்கிறவர்கள். டேப்பில் அளந்தேன், 18 மீட்டர் சரிதான். நடக்கிறவருக்கான பச்சை 12 விநாடி எரிகிறது. சிக்னல் கணக்கில் ஒருவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த வேகத்தில் நடந்தாலே 15 விநாடி வேண்டும். பூக்கார அக்கா சம்மதத்தோடு, பாட்டி வீட்டு வாசலில் நடப்பதைப் பார்த்தேன். 10 மீட்டருக்கு 15 விநாடி ஆனது. ரோட்டைக் கடக்க அவருக்கு 27 விநாடி. பச்சை அணையும்போது பாட்டி பாதி ரோட்டைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்.

மூலைகளைச் சுருக்கினால் 18 மீட்டர் 12 ஆகும். நடுவில் ஏறி நிற்க ஒரு திட்டு கட்டினால் ஒரு தடவைக்கு ஐந்து மீட்டரைச் சற்றுக் கூடக் கடந்தால் போதும். எட்டு விநாடி.

தபால்காரப் பெரியப்பா, 9:44
எட்டு விநாடி என்றால் நானும் போய்விடுவேன்.

மாடிவீட்டு மருமகள், 9:50
அதோடு பஸ் ஸ்டாப்பை முக்குக்கு முன்னாலிருந்து எடுத்து, முக்கைத் தாண்டி ஐம்பது அறுபது அடி தள்ளி வைக்க வேண்டும். பஸ் தாண்டிப் போய் நின்றால், இறங்குகிறவர்கள் அதன் முதுகுப் பக்கமாக வந்து கோட்டில் கடப்பார்கள். வருகிற வண்டிக்கு அவர்கள் தெரிவார்கள். பஸ்ஸின் மூக்கை ஒட்டி யாரும் இறங்க வேண்டியிராது.

மளிகை அண்ணாச்சி, 10:05
அங்கேதான் எனக்கு இடிக்கிறது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்களை வைத்துத்தான் எனக்குக் காலை வியாபாரம். ஸ்டாப் போனால் பாதி போச்சு. மூலையைச் சுருக்கினால் சரக்கு வண்டி எங்கே நிற்கும்? எல்லாரும் நல்லது பேசுகிறீர்கள், நஷ்டம் என் கல்லாவில்தான்.

ஆட்டோ மாமா, 10:09
அண்ணாச்சி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் ஸ்டாண்டும் நகர வேண்டியிருக்கும்.

மாடிவீட்டு மருமகள், 10:30
நஷ்டமே இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. முதல் சில வாரம் தெரியும். ஆனால் மூலையைச் சுருக்கும்போது ரோடாக இருந்த இடம் நடைமேடையாக உங்கள் கடை வாசலில் சேர்கிறது. இன்றைக்கு உங்கள் படியில் நிற்கிறவரின் முழங்கையை பைக் உரசிக்கொண்டு போகிறது. அங்கே நிம்மதியாக நின்று வாங்க இடம் கிடைக்கும். சரக்கு வண்டிக்குப் பள்ளிக்கூட ரோட்டில் தனி இடம், காலை ஏழு மணிக்குள் இறக்குவது என்று மனுவிலேயே எழுதுவோம். மாமா, ஸ்டாண்டைப் புது ஸ்டாப்புக்குப் பின்னால் கேட்போம். இறங்குகிறவர்கள் நேரே உங்களிடம்தான் வருவார்கள்.

மளிகை அண்ணாச்சி, 10:52
இடம் எவ்வளவு சேரும் என்று கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன்.

டீச்சரம்மா, 10:55
காட்டுகிறோம். ஞாயிறு விடியற்காலையில் ஒரு பக்கெட் கோலமாவோடு வருகிறேன்.

ஞாயிறு

டீச்சரம்மா, காலை 5:20
மருமகள் சாக்பீஸால் வரைந்த கோட்டின்மேல் மாவைக் கொட்டிப் புது மூலையைப் போட்டுவிட்டோம். கோட்டுக்கும் பழைய ஓரத்துக்கும் நடுவில் முழுக்க மெல்லத் தூவியிருக்கிறோம். ஆட்டோ மாமா வண்டியைக் குறுக்கே நிறுத்திக் காவல் நின்றார்.

கல்லூரித் தம்பி, 8:40
[புகைப்படம்] மொட்டைமாடியிலிருந்து எடுத்தேன். மூன்று மணி நேரம் ஆகியும் பாதிக்கு மேல் மாவு கலையவே இல்லை! டவுன் பஸ், தண்ணீர் லாரி, குப்பை வண்டி எல்லாம் திரும்பிவிட்டன.

மாடிவீட்டு மருமகள், 8:52
வெள்ளையாக இருப்பது எந்தச் சக்கரத்துக்கும் தேவைப்படாத இடம். மாவில் விழுந்த தடம் எல்லாம் மெல்லிசு, வேகமாக வளைந்த பைக்குகள்தான். பஸ்ஸின் சக்கரம் கோட்டுக்கு வெளியிலேயே போயிருக்கிறது.

மளிகை அண்ணாச்சி, 9:30
வாசலில் நின்று பார்த்தேன். என் கடைப் படியிலிருந்து எட்டு எட்டு வைத்தேன், அதுவரைக்கும் வெள்ளை. இரண்டு பெஞ்சு போடலாம் போலிருக்கிறது. மனுவில் என் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சரக்கு வண்டி விஷயத்தை மறக்காமல் எழுதுங்கள்.

மாடிவீட்டு மருமகள், 9:41
முதல் பக்கத்திலேயே இருக்கும் அண்ணாச்சி. நாளை திங்கள், ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள். எண்ணிக்கைத் தாள், அளவு, இந்தப் படம் மூன்றையும் இணைக்கிறேன். முதலில் மணல் மூட்டையும் பிளாஸ்டிக் கம்பமும் வைத்து ஒரு மாதம் சோதித்துப் பாருங்கள், சரியாக வந்தால் கல் கட்டுங்கள் என்றுதான் கேட்கப்போகிறோம்.

பூக்கார அக்கா மகன், 10:15
அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். "குடையைப் புது ஸ்டாப் பக்கம் நானே நகர்த்திக்கொள்கிறேன், எனக்காக யாரும் தயங்க வேண்டாம்." பாட்டி ஒன்று கேட்கிறார். நடுத்திட்டில் கூடையோடு நிற்க இடம் இருக்குமா? பின்னால் ஒருவர் வந்தால் இடிக்காதா?

மாடிவீட்டு மருமகள், 10:18
கூடை எவ்வளவு அகலம்?

பூக்கார அக்கா மகன், 10:23
அளந்துவிட்டேன் மதினி. இரண்டு அடி.

மாடிவீட்டு மருமகள், 10:26
திட்டு ஒன்றேகால் மீட்டர் என்று எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டு இரண்டு மீட்டர் என்று மாற்றிவிட்டேன். பாட்டியிடம் சொல்.