கிளாஸ்கோவுல அம்மாவும் ஒரு யானையும்

ஸ்காட்லாந்து பயணக் கதைன்னதும் எல்லாரும் எடின்பரோ கோட்டை படமாவே போட்டுட்டு இருக்கீங்க, நான் அதே நாட்டுல இருக்குற கிளாஸ்கோ கதை சொல்றேன். தம்பி அங்க படிச்சப்ப அம்மாவைக் கூட்டிட்டு நாலு நாள் போயிருந்தேன், அதுல மூணு நாள் மழை. நம்மூர் மாதிரி அடிச்சு ஊத்திட்டு ஓயுற மழை இல்ல, நசநசன்னு நாள் பூரா தூறும், குடையை விரிச்சா காத்து திருப்பிப் போட்டுடும்.

அதனால நேரா கெல்வின்குரோவ் மியூசியம். 1901-ல திறந்தது, செங்கல் நிறக் கல்லுல அரண்மனை மாதிரி இருக்கும், டிக்கெட் கிடையாது (அம்மா நம்பவே இல்ல, வெளிய வரும்போது பிடிச்சுக்குவாங்களோன்னு பையைக் கெட்டியா பிடிச்சுட்டே இருந்தாங்க). ஒரு ஹால்ல மேல ஸ்பிட்ஃபயர் போர் விமானம் தொங்குது, அதுக்குக் கீழ ஒட்டகச்சிவிங்கி, பாடம் பண்ணின ஒரு யானை. பேரு சர் ரோஜர், ஆசிய யானைதான். ஊர் ஊரா காட்டிட்டுத் திரிஞ்சவங்க கடைசில கிளாஸ்கோ மிருகக்காட்சிசாலைல விட்டிருக்காங்க, 1900-ல மதம் பிடிச்சு ஆளுங்களைக் கிட்டயே விடலையாம், காலைல தீனி தின்னுட்டு இருக்கும்போதே சுட்டுட்டாங்க.

அம்மாவுக்குப் பொறந்த ஊர் கூடலூர், தெப்பக்காடு யானை முகாமைப் பார்த்து வளந்தவங்க. "மதம்னா கட்டிப்போட்டு தீனியைக் குறைச்சா ரெண்டு மூணு மாசத்துல தானா எறங்கிடும்டா, சோறு தின்னுற நேரத்துலயா சுடுவாங்க"ன்னு சத்தமாவே கேட்டுட்டாங்க. அங்க நின்ன காவலாளி என்னாச்சுன்னு வந்துட்டார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன், மனுஷன் சிரிப்பார்னு பார்த்தா, இல்ல, யானையையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு "அப்போ உங்க அம்மா இங்க இருந்திருக்கணும்"னார். அவர் இங்கிலீஷை நான் மூணு தடவ கேட்டுத்தான் புரிஞ்சுக்கிட்டேன், அது வேற விஷயம். அவரே ஒரு மணிக்கு நடு ஹால்ல ஆர்கன்னு பெரிய குழாய் வாத்தியம் வாசிப்பாங்க கேளுங்கன்னு அனுப்பி வச்சார். கட்டடமே அதிருற மாதிரி வாசிச்சாங்க, அம்மா பத்தாவது நிமிஷமே தூங்கிட்டாங்க.

மறுநாள் ராயல் எக்ஸ்சேஞ்ச் ஸ்கொயர்ல வெலிங்டன்ங்கிற பிரிட்டிஷ் தளபதி குதிரை மேல உக்காந்திருக்குற சிலை. 1844-ல வச்சது, தலையில எப்பவும் ஒரு ஆரஞ்சு டிராஃபிக் கோன்! எடுக்க எடுக்க யாராவது ராத்திரி ஏறி வச்சிடுவாங்களாம். 2013-ல கவுன்சில் பீடத்தை உசத்திடலாம்னு பிளான் போட்டு, ஜனங்க சண்டைக்கு வந்ததும் கைவிட்டுடுச்சு. இவர்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்புவை எதிர்த்து வந்த படையில இருந்தவர்னு சொன்னதும் அம்மா "அப்ப இருக்கட்டும், எடுக்க வேணாம்"னுட்டாங்க.

———

மேல எழுதின அண்ணா, சப்வேயை, அதான் அங்க பூமிக்கடியில ஓடுற ரயிலை, விட்டுட்டீங்களே! 1896-ல ஓட ஆரம்பிச்சது, மொத்தமே 15 ஸ்டேஷன், வட்டமா சுத்தி வரும், அவ்ளோதான். பெட்டி குட்டியூண்டு, என் வீட்டுக்காரர் தலை இடிச்சுக்கிட்டார். தப்பான பிளாட்ஃபார்ம்ல ஏறினாலும் சுத்திக்கிட்டு வந்து சேந்துடலாம், முழு சுத்துக்கு 24 நிமிஷம்தான். நான் வேலை முடிஞ்சு தூங்கிப்போய் ரெண்டு சுத்து சுத்தியிருக்கேன், எதிர்ல இருந்த பாட்டி மட்டும் ஒவ்வொரு தடவையும் வேற வேற பாட்டியா மாறிட்டே இருந்தாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் உஷார், நாங்க இருந்தப்ப சாயங்காலம் ஆறு மணிக்கே மூடிட்டாங்க, ஹில்ஹெட் ஸ்டேஷன்ல இருந்து மழையில நடந்தேதான் வந்தோம்.